பதினான்கு கிலோ இருநூற்று இருபது

அவருக்குப் பட்டறையில் அரைகிராம் என்று பெயர். யார் வைத்தது என்று கேட்டால் ஒருவர் அடுத்தவரைக் கைகாட்டுவார். தராசுகளைச் சோதித்துப் பழுதுபார்க்கும் பட்டறை அது. தபால் நிலையத்துப் பொட்டல மேடை, கறிக்கடைத் தட்டு, மூச்சுவிட்டால் ஆடும் நகைக்கடை முள், லாரியையே ஏற்றி நிறுக்கும் ஆலை வாசல் பாலம் என்று எல்லாவற்றையும் வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து, சரியென்றால் முத்திரை ஒட்டிவிட்டு வரவேண்டும். மற்றவர்கள் ஒரு நாளைக்கு எட்டுக் கடை முடிப்பார்கள். இவர் மூன்று முடிப்பார். மூன்றாவது கடைக்காரர் பாதிக் கதவைச் சாத்திவிட்டு, "அரை கிராம்தானே சார்? நானே கூடப் போட்டுக் கொடுத்துடறேன், விட்டுடுங்க" என்று கெஞ்சியதில் பிறந்த பெயர் என்பது பட்டறையில் நிலவும் கதை.

பதினாறு வருடமாக இதே வேலை. "மனுஷன் பொய் சொன்னா முகம் காட்டிக் கொடுத்துடும். தராசுக்கு முகமே நம்பர்தான். நம்பிடாதே" என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். சொன்னதில் தவறில்லை. ஆனால் பதினாறு வருடம் அடுத்தவர் தராசில் குற்றம் கண்டுபிடிக்கும் மனிதனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. உலகத்தில் எதையும் தட்டில் தூக்கி வைக்கலாம், தன்னை மட்டும் வைக்க வேண்டியதில்லை என்று நினைக்க ஆரம்பித்துவிடுகிறான். இது அவரே பிற்பாடு, அந்த ஆஸ்பத்திரி வாரத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், டீயை ஆற்றிக்கொண்டே ஒப்புக்கொண்டது.

கல்யாணமான புதிதில் சமையலறையில் ஒரு தராசு வைத்திருந்தார். உப்பை நிறுத்துப் போடச் சொன்னார். மனைவி மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். அவர் யோசித்துச் சொல்ல ஒரு நாள் அவகாசம் கேட்டார். அந்த ஒரு நாளை அவள் இன்னும் மறக்கவில்லை. மகள் பிறந்தபோது நர்ஸ் வெளியே வந்து, "பொண்ணு, மூணு கிலோ" என்றதும் இவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "எந்தத் தராசுல?" என்பதுதான்.

அந்த மகளுக்கு நாலரை வயதானது. வீட்டில் வாண்டு என்று கூப்பிடுவார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் வாண்டு வாந்தியெடுக்க ஆரம்பித்தாள். மதியத்துக்குள் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. சாயங்காலம் அழுதாள், கண்ணீர் வரவில்லை. கண்ணீரில்லாமல் குழந்தை அழுவதைப் பார்த்ததும் இருவரும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உடம்பில் தண்ணீர் வற்றிப் போயிருக்கிறது, உடனே குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்று குழந்தைகள் வார்டில் சேர்த்தார்கள். தலைமை நர்ஸ் ஊசித் தட்டோடு வந்து, "யாராவது ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கங்க" என்றார்.

"நான் போய் வண்டியை நிழல்ல நிறுத்திட்டு வந்துடறேன்" என்றார் அரைகிராம்.

அப்போது மணி ஆறே முக்கால். நிழலைத் தவிர வேறொன்றும் இல்லாத நேரம்.

கீழே போய் ஸ்கூட்டரை இரண்டு முறை இடம் மாற்றி நிறுத்தினார். மூன்றாவது மாடியிலிருந்து அங்கே சத்தம் கேட்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் கேட்டது. திரும்பி வந்தபோது வாண்டின் கையை ஒரு அட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மனைவியின் முன்கையில் நகக் கீறல்கள்.

"நிழல் கிடைச்சுதா?" என்றாள் மனைவி.

மனைவிக்கு வேலை குடிநீர் வாரிய அலுவலகத்தில், தொலைபேசிப் புகார்ப் பிரிவில். தண்ணீர் வரவில்லை என்று ஒரு நாளைக்கு எழுபது பேர் கத்துவார்கள். எழுபது பேரிடமும் "உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது" என்று சொல்ல வேண்டும். வீட்டில் சாதாரணக் கோபம் வந்தால் சாதாரணமாகக் கத்துவாள். நிஜமான கோபம் வந்தால் அந்த அலுவலகக் குரல் வந்துவிடும். அது வந்தால் அரைகிராம் எழுந்து நின்றுவிடுவார். "நிழல் கிடைச்சுதா?" என்பதை அவள் அந்தக் குரலில்தான் கேட்டாள்.

செவ்வாயும் புதனும் மனைவி விடுப்பெடுத்துக் கூடவே இருந்தாள். இவர் வேலை முடிந்து வருவார். வந்ததும் நர்ஸ் எந்தத் தட்டோடு உள்ளே நுழைந்தாலும் இவர் கண்ணில் பழுதான ஒரு பொருள் படும். ஜன்னல் கொக்கி தொளதொளவென்று இருக்கும். கட்டிலின் ஒரு சக்கரம் கீச்சிடும். பையில் எப்போதும் ஒரு திருப்புளி உண்டு. "இதோ, ஒரு நிமிஷம்" என்று அங்கே போய்க் குனிந்துகொள்வார். மருந்து கொடுத்து, ரத்தம் எடுத்து, வாண்டு அழுது ஓய்ந்த பிறகு நிமிர்வார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுபோகும் என்பது பூனையின் நம்பிக்கை. இவர் கண்ணை மூடவில்லை, திருப்புளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

வார்டில் அவருக்கு நல்ல பெயர். இரண்டே நாளில் நர்ஸுகள் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார்கள். "சார், அந்த மருந்து டிராலி ஒரு பக்கமா இழுக்குது சார்." "சார், ஸ்டோர் ரூம் கதவு." புகழ்ச்சிக்கு மயங்காத மனிதன் உண்டா என்ன.

புதன்கிழமை வாந்தி நின்றது. குளுக்கோஸ் ஊசியைக் கழற்றிவிட்டார்கள். மனைவிக்கு விடுப்பு தீர்ந்தது. வியாழன் காலையிலிருந்து பகல் முழுக்க இவர், ராத்திரி அவள் என்று ஏற்பாடு. போகும்போது அவள் ஒரு தாளைக் கையில் கொடுத்தாள். குடித்த அளவை எழுதும் அட்டவணை அது. பொட்டலத்தில் வரும் உப்புச் சர்க்கரைத் தூளை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, மணிக்கு நூறு மில்லி கொடுக்க வேண்டும், கொடுத்ததை எழுத வேண்டும்.

"இது ஒண்ணுதான் உங்க வேலை. வேற எதையும் தொடாதீங்க" என்றாள்.

"அளக்கிற வேலையை எனக்கே சொல்லித் தர்றியா?" என்று இவர் சிரித்தார்.

அளந்தார், அதில் குறை சொல்ல முடியாது. கோடு போட்ட கப்பை மேஜையில் வைத்து, முட்டி போட்டுக் கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, நூறுக்கு ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் ஊற்றினார். வாண்டின் கையில் கொடுத்து, "குடி கண்ணு, அப்பா இதோ வந்துடறேன்" என்றார். அதற்குள் டிராலி கூப்பிட்டது. பிறகு கதவு. அறை மூலையில் இருந்த கை கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டு தண்ணீர் நிற்பதைப் பார்த்து அதன் குழாயைக் கழற்றி, தலைமுடிக் கற்றையும் ஏதோ பொம்மையின் காலும் வெளியே எடுத்தார். அதற்குப் பிறகு ஊற்றிய தண்ணீர் ஊற்றிய வேகத்தில் இறங்கியது. திரும்பி வரும்போதெல்லாம் கப் காலியாக இருந்தது.

"குடிச்சிட்டியா?"

"ம்."

"சமத்து."

நூறு என்று எழுதினார். அன்றைக்கு ஒன்பது முறை எழுதினார். கூட்டினால் தொள்ளாயிரம். அட்டவணையைப் பார்த்த நர்ஸ், "இவ்வளவு அழகா யாருமே எழுதினதில்லை சார்" என்றாள். அந்தத் தாளைப் பட்டறையில் காட்டலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

பக்கத்துக் கட்டிலில் நெஞ்சுச் சளியோடு ஒரு எட்டு மாதக் குழந்தை. அதன் அப்பா தொலைதூரம் லாரி ஓட்டுபவர். காலையில் வந்து குழந்தையை மார்பில் சாய்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை அசைய மாட்டார். அவரைப் பார்க்க அரைகிராமுக்குக் கொஞ்சம் பாவமாகவும் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

"சும்மாவே உட்கார்ந்திருக்கீங்களே அண்ணே, போரடிக்கல?"

"உட்கார்றதுதானே தம்பி என் தொழிலே" என்றார் லாரிக்காரர்.

வெள்ளிக்கிழமை காலை, மனைவி கிளம்பிப் போனதும், ஏழு மணிக்கு வாண்டை நிறுத்தார்கள். வார்டு வாசலில் ஒரு மேடைத் தராசு. வியாழன் காலையில் பதினான்கு கிலோ ஐந்நூற்று அறுபது இருந்தவள், இப்போது பதினான்கு இருநூற்று இருபது. குழந்தை டாக்டர் இரண்டு எண்களையும் பார்த்தார். அட்டவணையைப் பார்த்தார். மறுபடி எண்களைப் பார்த்தார். இளம் பெண்; தூக்கம் போதாத கண்கள்.

"தொள்ளாயிரம் குடிச்சிருக்கா. அப்புறம் ஏன் முந்நூத்தி நாப்பது கிராம் இறங்கியிருக்கு? நாக்கும் வறண்டிருக்கு." பிறகு சொன்னார்: "இன்னிக்கு ஒரு நாள் பார்க்கலாம். வாயாலயே போகட்டும். நாளைக்குக் காலைல இன்னும் இறங்கினா மூக்கு வழியா டியூப் போட்டுத்தான் ஆகணும். வேற வழியில்ல."

டியூப் என்ற சொல் வாண்டுக்குப் புரியவில்லை. மூக்கு புரிந்தது. இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

ஒரு சாதாரண அப்பாவாக இருந்தால் அந்த நேரத்தில் குழந்தையைப் பார்த்திருப்பார். அரைகிராம் தராசைப் பார்த்தார். தொள்ளாயிரம் உள்ளே போயிருக்கிறது, எடை இறங்கியிருக்கிறது. கணக்கு இடிக்கிறது. கணக்கு இடித்தால் யார் பொய் சொல்கிறார்கள்? பதினாறு வருட அனுபவம் ஒரே பதிலைத்தான் சொன்னது. அந்தத் தராசின் முத்திரையைத் தேடினார். ஒட்டியிருந்த முத்திரையின் ஓரம் உரிந்து தேதி பாதி அழிந்திருந்தது. அவருக்கு உடம்பெல்லாம் ஒரு சுறுசுறுப்பு வந்துவிட்டது. மூன்று நாளாக அந்த வார்டில் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த மனிதனுக்குச் செய்யத் தெரிந்த ஒரு வேலை கிடைத்துவிட்டது.

"அண்ணே, ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கங்க. அந்தத் தராசு தப்பு."

"எங்க தம்பி போறீங்க?"

"கல்லு எடுத்துட்டு வர்றேன்."

லாரிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "யாரை அடிக்க?" என்றார்.

பட்டறைக்கு ஸ்கூட்டரில் பறந்து போய், சோதனைக்கென்றே வைத்திருக்கும் எடைக்கற்களை மரப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தார். ஐந்து கிலோ கற்கள் நான்கு, இரண்டு கிலோ இரண்டு, சில்லறைக் கற்கள் ஒரு வெல்வெட் டப்பாவில். மூன்று மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. வழியில் காவலாளி பெட்டிக்குள் என்ன என்றார். "உண்மை" என்று சொல்லிவிட்டு ஏறினார். இதைப் பிற்பாடு சொல்லும்போது மட்டும் அவர் முகத்தை மூடிக்கொள்வார்.

தலைமை நர்ஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். முப்பது வருடம் வார்டில் இருந்தவர். எத்தனையோ வகை அப்பாக்களைப் பார்த்தவர். "சார், உங்க பொண்ணு உள்ள இருக்கா. நீங்க இங்க இரும்பு அடுக்கிட்டிருக்கீங்க."

"அஞ்சே நிமிஷம் சிஸ்டர். இந்தத் தராசை வெச்சு எத்தனை குழந்தைக்கு மருந்து கொடுக்கறீங்க? எல்லாருக்கும்தான் நல்லது."

ஊருக்கே நல்லது செய்யக் கிளம்பிய மனிதனை யாரால் தடுக்க முடியும். தலைமை நர்ஸ் வழி விட்டார். நடந்துபோன இரண்டு அம்மாக்கள் நின்றார்கள். ஒரு துப்புரவுத் தொழிலாளி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றார். அரைகிராம் முட்டி போட்டார். மேடை சாய்ந்திருக்கிறதா என்று குமிழி மட்டம் பார்த்தார், குமிழி நடுவில் நின்றது. ஐந்து கிலோ வைத்தார், ஐந்து காட்டியது. பத்து, பத்து. பதினைந்து, பதினைந்து. ஒரு கல்லை எடுத்து மேடையின் நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்தார். நான்கு மூலையிலும் ஐந்து. இப்படி ஒரு ஒழுங்கான தராசை அவர் கடைசியாக எப்போது பார்த்தார் என்று நினைவில்லை.

கடைசியாக ஒன்று செய்தார். ஐந்தும் ஐந்தும் பத்து, இரண்டும் இரண்டும் நான்கு, டப்பாவிலிருந்து இருநூறு ஒன்று, இருபது ஒன்று எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பதினான்கு இருநூற்று இருபது என்று எண் எரிந்தது. துளி நடுக்கம் இல்லை.

மேடையில் இருந்த இரும்பைப் பார்த்தார். முழங்கால் உயரம்கூட வரவில்லை. ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடலாம். இவ்வளவுதானா என்று தோன்றியது. மூன்று நாளில் அவர் தன் மகளை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை என்பதும் அப்போதுதான் தோன்றியது.

"என்ன சார், எங்க தராசு பாஸா?" என்றார் தலைமை நர்ஸ்.

"பாஸ்" என்றார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எடுத்து வைங்க சார், அடுத்த குழந்தை வருது."

துடைப்பம் வைத்திருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்.

அசடு வழியப் பெட்டியை மூடினார். தராசு சரி. அப்படியானால் அட்டவணை தப்பு. அட்டவணையை எழுதியவன் யார் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. கையெழுத்து அத்தனை அழகு.

உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வாண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"கண்ணு, நேத்து அப்பா கொடுத்த தண்ணியெல்லாம் குடிச்சியா?"

"கொஞ்சம்."

"மீதி?"

வாண்டு கையை நீட்டி மூலையில் இருந்த தொட்டியைக் காட்டினாள். "நீ சரி பண்ணியே, அதுல. ஊத்தினா உடனே போயிடுது."

லாரிக்காரர் இருமுவதுபோல் ஒரு சத்தம் செய்தார். "நான் பார்த்தேன் தம்பி. பாப்பா கப்பைக் கழுவுதுன்னு நெனச்சேன். சுத்தமான புள்ளைன்னு மனசுக்குள்ள பாராட்டினேன்."

"ஏன்டா கண்ணு கொட்டினே? அப்பாகிட்ட சொல்லக் கூடாதா?"

"நீதான் இல்லையே" என்றாள் வாண்டு. குற்றம் சாட்டும் குரல் இல்லை. ஜன்னல் அங்கே இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். "அது உப்பா இருக்கு. நீ குடிச்சுப் பாரு."

ஒன்பது முறை சொட்டுக் கணக்கில் அளந்த அந்தத் தண்ணீரை அவர் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. இப்போது ஒரு மடக்குக் குடித்தார். வெதுவெதுவென்று, இனிப்பும் உப்பும் சண்டை போட்டு இரண்டும் தோற்றுப்போனது மாதிரி இருந்தது. முகம் தானாகக் கோணியது. வாண்டு அதைக் கவனித்தாள். மூன்று நாளில் முதல் முறையாக அவள் வாய் ஓரம் லேசாக அசைந்தது.

"நீ குடிச்சா நானும் குடிப்பேன்" என்றாள்.

ஆரம்பித்தார்கள். ஒரு ஸ்பூன் அவர், ஒரு ஸ்பூன் அவள். வேகமாகக் கொடுத்தால் வாந்தி வந்துவிடும், இரண்டு நிமிடத்துக்கு ஒன்று போதும் என்று தலைமை நர்ஸ் சொல்லியிருந்தார். அவர் குடித்ததும் வாண்டு, "ஆ காட்டு" என்பாள். வாயைத் திறந்து காட்ட வேண்டும். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் பார்ப்பாள். கன்னத்தை விரலால் அமுக்கிப் பார்ப்பாள். ஒருமுறை அவர் பாதி ஸ்பூனோடு தப்பிக்கப் பார்த்தார். பிடித்துவிட்டாள்; திரும்ப முழு ஸ்பூன். கடைக்காரர்கள் தன்னைப் பார்த்து ஏன் அப்படிக் கெஞ்சினார்கள் என்பது அவருக்கு விளங்க ஆரம்பித்தது.

பதினோரு மணிக்கு முதுகு வலித்தது. பன்னிரண்டுக்கு ஒரு கால் மரத்தது. சும்மா உட்காருவது இவ்வளவு பெரிய உடலுழைப்பு என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. மேலே ஒரு மின்விசிறி டக்டக்கென்று அடித்தது. ஒரு திருகை அரைச் சுற்று இறுக்கினால் போதும். அவர் கை தானாகப் பைக்குப் போனது.

"எங்க போற?" என்றாள் வாண்டு.

"எங்கயும் போகல."

ஒரு மணிக்கு ஒரு இளம் நர்ஸ் வாசலில் எட்டிப் பார்த்தாள். "சார், டிராலி மறுபடி இழுக்குது சார்."

"இழுக்கட்டும்" என்றார்.

நர்ஸ் லாரிக்காரரைப் பார்த்தாள். "சாருக்கு இன்னிக்கு லீவும்மா" என்றார் அவர், குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டே.

இரண்டு மணிக்கு வாண்டு கொஞ்சம் வாந்தியெடுத்தாள். அவர் சட்டையில்தான். எவ்வளவு போனது என்று அளக்க வழியில்லை. பத்து நிமிடம் விட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். அட்டவணையில் இப்போது நூறு, நூறு என்று அழகான எண்கள் இல்லை. ஸ்பூனுக்கு ஒரு கோடு, அழித்த கோடு, சிந்தியதற்குக் கேள்விக்குறி, ஓரத்தில் வாண்டு வரைந்த ஒரு பூனை.

மூன்றரைக்கு ரத்தம் எடுக்கத் தட்டோடு தலைமை நர்ஸ் வந்தார். உப்பின் அளவு பார்க்க வேண்டுமாம். தட்டை மேஜையில் வைத்துவிட்டு அரைகிராமைப் பார்த்தார். வண்டி எங்கே நிற்கிறது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும் போல.

அரைகிராம் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை என்பதுதான் நேர்மையான வாக்கியம், கால் மரத்திருந்தது. வாண்டை மடியில் வைத்து, கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி இறங்கியபோது அவள் அலறினாள். அலறிக்கொண்டே அவர் தோளைக் கடித்தாள். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நின்று கேட்ட சத்தத்தைவிட இது சிறியதாக இருந்ததுதான் அவருக்கு ஆச்சரியம்.

"முடிஞ்சுது. கண்ணைத் திறங்க" என்றார் தலைமை நர்ஸ்.

"பாப்பா, கண்ணைத் திறடா. முடிஞ்சுதாம்."

"நான் உங்களைச் சொன்னேன் சார்."

சாயங்காலம் மனைவி வந்தாள். சட்டையில் கறை, தோளில் பல் தடம், கட்டிலுக்கடியில் இரும்புப் பெட்டி. "என்ன இது?" என்றாள். அவர் எதையும் மறைக்காமல் சொன்னார்: தொள்ளாயிரம் பொய், தொட்டி, கல், கூடம் கோணல். சொல்லிவிட்டு அந்தக் குரலுக்காகக் காத்திருந்தார். நாலு நாளாக ராத்திரி முழுக்க விழித்திருந்தவள். காலையில் டாக்டர் சொன்ன டியூப்பைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, எழுபது பேருக்குத் தண்ணீர் வரும் என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தவள்.

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்று அறை அதிரக் கத்தினாள். பக்கத்துக் குழந்தை விழித்துக்கொண்டது.

அரைகிராமுக்கு உயிர் வந்தது. சாதாரணக் கோபம்தான்.

"இன்னிக்கு எவ்வளவு குடிச்சா?" என்றாள், மூச்சு இறங்கியதும்.

"சரியாத் தெரியல."

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவர் அப்படி ஒரு பதில் சொல்லி அவள் கேட்டதில்லை. அன்று இரவு அவள் வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும் என்று அவர் சொல்லவில்லை, வாண்டு சொன்னாள். "அப்பாதான் குடிக்கணும். நீ போ."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மேடைக்குப் போனார்கள். வாண்டு ஏறி நின்றாள். அவர் விரலைப் பிடித்திருந்தாள். எண்கள் பதினான்கு நூறுக்கும் பதினான்கு அறுநூறுக்கும் நடுவே தத்தளித்தன.

"சார், கையை விடுங்க" என்றார் தலைமை நர்ஸ். "உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"நான் பிடிக்கல சிஸ்டர். அவதான் பிடிச்சிருக்கா."

"அப்ப எடுங்க."

அவருக்கு எடுக்க மனமில்லை. எடுத்தால் ஒரு எண் வரும். வந்த எண்ணோடு வாதாட முடியாது. அந்தத் தராசுக்கு நேற்று நற்சான்றிதழ் கொடுத்ததே அவர்தான். வாழ்நாளில் முதல் முறையாக ஒரு தராசு கொஞ்சம் ஏமாற்றினால் தேவலை என்று தோன்றியது. விரலை மெதுவாக உருவினார். எண்கள் ஓடி நின்றன.

பதினான்கு கிலோ முந்நூற்று நாற்பது.

மூன்று முறை நிறுத்துப் பார்க்காமல் எதையும் ஏற்பதில்லை என்பது அவர் தொழில் விதி. அவர் இன்னொரு முறை கேட்கவில்லை. குழந்தையைச் சட்டென்று மேடையிலிருந்து தூக்கிக்கொண்டார்.

டாக்டர் வந்து பார்த்தார். நூற்றிருபது கிராம் ஏற்றம், நேற்று எடுத்த ரத்தமும் பரவாயில்லை. "டியூப் வேண்டாம். ஆனா இன்னிக்கும் இதே மாதிரி குடிக்க வைக்கணும். நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறதைப் பத்திப் பேசலாம்" என்றார். அட்டவணையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒண்ணும் புரியலையே" என்றார்.

"எனக்கும்தான் டாக்டர்" என்றார் அரைகிராம்.

மறுபடி ஒரு லிட்டர் கரைத்து, மறுபடி ஸ்பூன். ஆனால் இரண்டு நாளில் ஒரு ஆள் அந்த உப்புத் தண்ணீரை அவ்வளவு குடித்தால் வயிறு என்ன செய்யுமோ அதை அவர் வயிறு செய்தது. பத்து மணிக்கு அவர் நெளிய ஆரம்பித்தார். பத்தே காலுக்கு எழுந்தார்.

"எங்க போற?"

"பாத்ரூமுக்குடா கண்ணு. நிஜமா."

வாண்டு அவரை எடை போட்டாள். லாரிக்காரர் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். லாரிக்காரர், "நிஜம்தான் பாப்பா, முகத்தைப் பார்த்தாலே தெரியுது" என்று சாட்சி சொன்னார்.

"சரி. நான் பத்து எண்றதுக்குள்ள வந்துடணும்."

கதவைச் சாத்தியதும் அவள் எண்ணுவது கேட்டது. நாலரை வயது எண்ணிக்கை. "ஒண்ணு, ரெண்டு, மூணு, ஆறு..."

அவர் அவசர அவசரமாகப் பெல்ட்டை மாட்டினார்.

"...ஏழு, ஒம்போது..."

"வந்துட்டேன், வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டே, ஈரக் கையோடு கதவைத் திறந்தார்.